பெட்டிக்குள் வஞ்சிரம்

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் பொய் சொன்னேன். பூந்தமல்லி பஸ்ஸில், மடியில் தெர்மோகோல் பெட்டியோடு.

"இன்னா சார் பொட்டில?" என்றார் கண்டக்டர்.

"மீன். வஞ்சிரம்."

"நாத்தம் வராம பாத்துக்க சார்." டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பெட்டியில் மீன் இல்லை. தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்து உறைய வைத்த மருந்து, ஐஸுக்கு நடுவே. என் மூத்த மகன் டேவிட்டுக்கு ஹீமோபிலியா. ரத்தம் கசியத் தொடங்கினால் லேசில் நிற்காது. அன்று காலை குளியலறையில் வழுக்கி விழுந்தான். முழங்காலுக்குள் கசிந்து வீங்கிவிட்டது. ஏற்றுவதற்குப் பக்கத்திலேயே நர்சிங் ஹோம் இருக்கிறது. ஆனால் மருந்தை நகரத்து பிளட் பேங்கிலிருந்து நான்தான் கொண்டுவர வேண்டும். உருகி நேரமானால் வீண்.

உண்மையைச் சொன்னால் என்ன? சொல்லிப் பார்த்தேன்… ஒரே ஒரு முறை. எய்ட்ஸ் பற்றிப் பேப்பரில் வர ஆரம்பித்த சமயம். "ரத்தமா?" — பக்கத்து சீட் காலியானது. அப்புறம் பஸ்ஸே சேர்ந்து என்னைப் போரூரில் இறக்கிவிட்டது, கொளுத்தும் வெயிலில். மருந்து வீணானது. டேவிட்டின் இடது கால் இன்றும் முழுதாக மடங்குவதில்லை.

அன்றிலிருந்து வஞ்சிரம்.

போன செவ்வாய் பக்கத்தில் ஒரு மீன்கார அம்மா, காலிக் கூடையோடு. பெட்டியை மோந்து பார்த்தார்.

"வஞ்சிரமா? கவுச்சியே காணோமே நைனா. யாருகிட்ட கத வுட்ற?"

வாதாடத் தெம்பில்லை. மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கத்துவார் என்று காத்திருந்தேன்.

அவர் கூடையின் அடியில் கிடந்த, மீன் மூடும் ஈரச் சாக்கை எடுத்து, ஜன்னல் வெயில் படாமல் பெட்டியைப் போர்த்தினார். பஸ் முழுக்க நாற்றம்!

"சார், அப்பவே சொன்னேன்ல?" என்று திரும்பினார் கண்டக்டர்.

"மீனு பின்ன மல்லிப்பூவாட்டம் மணக்குமா? வேலையப் பாருய்யா!"

ஐயப்பன்தாங்கலில் இறங்கும்போது அந்த அம்மா என் காதருகே குனிந்தார். "இனிமே வஞ்சிரம்னு சொல்லாத நைனா. வெல ஜாஸ்தி மீனு, அவனவனுக்குப் பாக்க ஆச வரும். நெத்திலின்னு சொல்லு. எவனும் தொறக்கச் சொல்ல மாட்டான்."

சாக்கை அவர் திரும்பக் கேட்கவில்லை. மருந்து உருகாமல் போய்ச் சேர்ந்தது. டேவிட் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

அடுத்த வீட்டுக் குழம்பு என்றால் நமக்கு எவ்வளவு ஆர்வம்! அடுத்த வீட்டு வியாதி என்றால்தான் சீட்டை விட்டு எழுந்துகொள்கிறோம்.

மறுபடி கசியும், மறுபடி பஸ் ஏறுவேன். கேட்டால்… நெத்திலி.