தண்டை போட்ட பாலன்

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பிள்ளையார் உங்கள் வீட்டுக் கொலுவில் இருந்தால், அவருக்குக் கண் எழுதியது என் அம்மாவாக இருக்கலாம். பெருமைக்குச் சொல்கிறாயா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயில் பூசைக்குப் போகிற அம்மா, மற்ற நாளெல்லாம் பொம்மை யூனிட்டில் மீனாட்சிக்குக் கிளி தீட்டுவாள். அது பிழைப்பு, இது பக்தி என்று இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டு வைத்திருந்தவர் அப்பாவின் அண்ணன். கோயில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

நான் நாலாவது படித்தபோது, மாதா கோயில் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் பாலன் இயேசு கீழே விழுந்து உடைந்துபோனார். பங்குச் சாமியார் புதிதாக ஒன்று செய்து தரும்படி அம்மாவிடம் கேட்டார். சாமியையே எங்கம்மாதான் செய்யுது என்று நான் வகுப்பு முழுக்கத் தண்டோரா போட்டேன்.

யூனிட்டில் பாலனுக்கு ஏது அச்சு? ஆலிலையில் படுத்துக் கால்விரல் சூப்பும் கண்ணனுக்குத்தான் இருந்தது. அம்மா அதிலேயே வார்த்தாள். ஈரம் காயும் முன் இலையை அறுத்தாள், மயிலிறகைச் சீவினாள், வாயிலிருந்த காலை எடுத்து நீட்டி வைத்தாள். சூளையிலிருந்து வந்ததும் பிரஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, பாலனைத் தலைகீழாகப் பிடித்துத் தூசி ஊதி, வர்ணம் அடித்தாள்.

குடில் கட்டிய அன்று, புதிதாக வாங்கிய செல்போன் சட்டைப்பையை இழுக்க, பெரியப்பா பாலனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு காலிலும் தண்டை இருந்தது.

"சாமி, இது கொலு பொம்ம அச்சு. கண்ணன் கால்ல கெடந்த தண்டைய எடுக்க மறந்துட்டாங்க. இத எப்புடிங்க குடில்ல வைக்கிறது?"

வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அதில் என் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாலனை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டால் ஸ்கூலில் எப்படித் தலைகாட்டுவது? பெரியப்பா இருக்கும் இடத்தில் வாயே திறக்காத அம்மா அன்றைக்குத் திறந்தாள்.

"மறக்கலீங்க சாமி. மத்ததெல்லாம் எடுத்துட்டேன். எந்த வூட்டுப் புள்ளையா இருந்தாலும் தண்டை போட்டுத்தான அழகு பாக்குறோம். பச்சப்புள்ளைய மூளிக்காலோட படுக்க வைக்க மனசு வரல."

சாமியார் தீர்த்தம் கொண்டுவரச் சொல்லி, நின்ற இடத்திலேயே பாலனை மந்திரித்து ஆசீர்வதித்தார். தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பெரியப்பாதான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் ஊரே வரிசையில் வந்து அந்தத் தண்டைக் காலில் உதடு பதித்து முத்தி செய்தது. பெரியப்பாவும் செய்தார். எல்லாம் முடிந்ததும், குடிலில் கிடத்தச் சொல்லிச் சாமியார் பாலனை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வெறுங்கையில் வாங்கவில்லை. புடவைத் தலைப்பை இரண்டு கையிலும் விரித்து, அதில் வாங்கினாள்.  தலைகீழாகப் பிடித்துத் தூசி ஊதினவள்தானே, இப்போது என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. வர்ணம் சரியாகக் காயவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, பெரியப்பாவின் உதட்டில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.