பஹாருக்குக் கால் எந்தப் பக்கம்

அரூரில் அந்த வருஷம் பனி விடுவதாக இல்லை. தை பாதி கடந்தும் காலை எட்டரை வரை தெருமுனை தெரியவில்லை. ஷகிலா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைப் பையில் அடுக்கி, வழக்கம்போல் சோபனாவின் டிசைன் கடைக்கு நடந்தாள். அங்கே அவள் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. அந்தக் கடைப் படியில் நின்றால் எதிரே அரசாங்க அலுவலக வளாகத்து மாமரம் முழுசாகத் தெரியும். அது பூத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

மரம் பூத்தால் தம்பி வருவான்.

தம்பி ஹபீப் ஜெர்மனிக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. கார் கதவுகளுக்குப் பூட்டு வரைகிற வேலை. ஷகிலா எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா போனபோது ஹபீப்புக்கு இரண்டரை வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து அவனைத் தொடர வைத்தாள். அவனுடைய ஒன்றாம் வகுப்பு நோட்டிலிருந்து கல்லூரிச் சான்றிதழ் நகல் வரை எல்லாவற்றையும் வருஷவாரியாக ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். ஊரில் இன்றைக்கும் யாராவது புதுக் கார் வாங்கி நிறுத்தினால், கதவை ஒரு முறை திறந்து மூடிப் பார்க்காமல் அவளால் நகர முடியாது.

சோபனாவின் கடை முன்பு மாவு மில்லாக இருந்தது. கோவையில் துணி வடிவமைப்பு படித்துவிட்டு வந்த அந்தப் பெண், சாம்பல் சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடித்து, ஷட்டரில் பெரிய பெரிய செம்பருத்திகளை வரைந்து, உள்ளே கையச்சுத் திரைகளையும் தலையணை உறைகளையும் தொங்கவிட்டாள். பனியில் தெருவே வெளுத்துக் கிடக்கும்போது அந்த ஒரு கடை மட்டும் வேறொரு மாசத்தில் இருப்பதுபோல் தோன்றும். 'டிசைன்' என்ற பலகையைப் பார்த்துத்தான் ஷகிலா முதலில் உள்ளே போனாள். என் தம்பிக்கும் டிசைன்தான் வேலை என்று சொல்லி முடித்த கையோடு, மாட்டியிருந்த ஓர் உறையின் ஓரத் தையல் ஒரு நூல் விலகியிருப்பதைக் காட்டினாள். அன்றிலிருந்து சோபனாவுக்கு அவள் 'இன்ஸ்பெக்டர் அக்கா'.

கார்த்திகையில் ஹபீப்பிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. விட்டு விட்டு வந்த நாலே விநாடி. ஷகிலா வீட்டில் பேசுவது உருது; அவள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் புழங்கும் ஒரு சொல் பஹார். வசந்தம். மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்த அப்பா, மரம் பூப்பிடிப்பதைத்தான் பஹார் என்பார். பஹார் வந்ததும் வருகிறேன் என்று தம்பி சொல்லியிருந்தான். தோப்புக்காரர் மகன் வேறெப்படித் தேதி சொல்வான்? கணவர் கரீமிடம் அதை மூன்று முறை போட்டுக் காட்டினாள். பேருந்து நிலையத்தில் பிளாஸ்டிக் குடம் விற்கும் மனுஷர் அரைக் காதாகக் கேட்டுவிட்டு, உன் தம்பிக்கு மாமரம்தான் டிக்கெட் போடுகிறதா என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு வாரா வாரம் ஹபீப் பேசினான். ஷகிலா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்தால் நச்சரிப்பதுபோல் ஆகிவிடும். இந்த நாலு வருஷத்தில் அவள் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள், குல்லா போட்டுக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறாள். வா என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கூப்பிட்டு வருவது அவளுக்கு வேண்டாம். அவனாக நினைத்து வர வேண்டும். இப்போது அவனாகச் சொல்லியும் விட்டான்.

மரம்தான் சதி செய்தது. மார்கழி கடைசி வரை மழை விடாததால், பூவுக்குப் பதில் கிளையெல்லாம் செம்பு நிறத் தளிராக விட்டுக்கொண்டிருந்தது. தினமும் படியில் நின்று அண்ணாந்து பார்க்கும் ஷகிலாவிடம் சோபனா காரணம் கேட்டு, விஷயம் தெரிந்ததும் தம்பி அறைக்கு ஒரு திரை தைத்துத் தருவதாகச் சொன்னாள். மாந்தளிர் நிறத் துணி, ஓரத்தில் பூங்கொத்து, நடுவே அந்தச் சொல்லை மஞ்சள் துணியில் வெட்டித் தைப்பது. எப்படி எழுதுவது என்று கேட்டபோது ஷகிலா பெருமையோடு அந்தக் குரலையே அவளுக்கு அனுப்பினாள். அவன் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

இன்றைக்குத் திரை தயாராக மேசைமேல் விரித்துக் கிடந்தது. ஷகிலா முதலில் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தாள். பூங்கொத்துகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்தாள். குறை இல்லை. பிறகுதான் நடுவில் இருந்த எழுத்தைப் படித்தாள். 'பாஹர்.'

"கண்ணு, கால் இடம் மாறி வுழுந்திருக்கு. ஹ-வுக்குப் பின்னால வரணும். நீ ப-வுக்குப் போட்டுட்ட."

"அவரு சொன்னத கேட்டுதானுங்கக்கா வெட்டுனேன். நாலு வாட்டி கேட்டேன்."

"எங்க பாஷை உனக்குத் தெரியாதில்ல."

"தெரியாததாலதான் நல்லா காது குடுத்துக் கேட்டேன்," என்று சிரித்தபடி சோபனா போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ஆபா... பாஹர் ஆத்தேச் ஆத்தூன்."

ஷகிலா மறுபடியும் போடச் சொன்னாள். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டாள். தம்பி 'பா' என்று நீட்டித்தான் சொன்னான். பாஹர் என்றால் வெளியே. அக்கா, வெளியே வந்ததும் வருகிறேன். அவ்வளவுதான். அவன் வேலை செய்கிற இடம் பூமிக்கு அடியில் இரண்டாவது தளம், சிக்னல் சரியாகக் கிடைக்காது என்று அவனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். வெளியே வந்து லைனுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அரை மணி கழித்துக் கூப்பிட்டும் இருக்கிறான். அன்றைக்கு அவள் சீருடை கொடுக்கப் போயிருந்தாள். எடுக்காமல் விட்ட அந்த அழைப்பு இப்போது நினைவுக்கு வந்தது.

மூன்று மாசம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது தம்பியின் குரலை அல்ல. தனக்கு வேண்டியதை.

"அர்த்தம் மாறிப்போச்சாங்கக்கா?" சோபனாவின் சிரிப்பு போயிருந்தது.

"ஒரு கால்தான் கண்ணு. இப்படிச் சொன்னா வெளிய-ன்னு ஆயிடும்."

அரை நூல் விலகினாலும் பிரித்துத் தைக்கிறவள், இந்த ஒரு காலைக் கோட்டைவிட்டிருந்தாள். திரையை மடிக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு கடைப் படிக்கு வந்தாள். பனி கொஞ்சம் கலைந்திருந்தது. மரம் தெரிந்தது, தளிர்தான், பூ இல்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தாள். வாய் பழக்கத்தில் சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பித்தது. அதை அழித்தாள். மறுபடி அழுத்தினாள். அவர்கள் பாஷையில் வா என்பதற்கு ஒரே எழுத்து. அதைச் சொல்ல அவளுக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது.

"ஹபீப், கர் கூ ஆ." வீட்டுக்கு வா.

இதைத் தெளிவாகச் சொன்னோமா என்று தானே ஒரு முறை போட்டுக் கேட்டுக்கொண்டாள். வேறு மாதிரி காதில் விழ அதில் இடமில்லை. ஒரு டிக் மட்டும் விழுந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது.

உள்ளே வந்தபோது சோபனா திரையைச் சுருட்டி ஓரமாக வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷகிலா அதை வாங்கி மறுபடி மேசையில் விரித்து, தையல் பிரிக்கிற ஊசியைக் கேட்டாள். மஞ்சள் காலின் ஓரத்தில் ஊசியை நுழைத்து, துணி இழுபடாமல் ஒவ்வொரு தையலாக அறுத்தாள்.

"அப்ப வெளிய-ன்னு இல்லாம, நீங்க சொன்ன மாதிரியேதான் வரணுங்களா?" என்று சோபனா மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா. அது அவன் சொன்னது. இது நான் சொல்றது." ஷகிலா காலைத் தனியாக எடுத்து, ஹ-வின் பக்கத்தில் வைத்து, டேப்பை இழுத்தாள்.