மாமாவை வைத்த பிரமிட்

ஒரு கிழமையாக எங்கள் மெரிலேண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிரமிட் பிடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் நிலத்தில் இருந்து சாப்பிட்டோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடப் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான் என்று நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன்.

தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியை வெட்டி அப்பா கட்டித் தந்தார். ஒரு பக்கச் சுவரைக் கதவுபோலத் திறக்கலாம். உள்ளே மேலே ஏறிப்போகும் ஒடுங்கிய பாதை, அதன் முடிவில் அரசனின் அறை, அறைக்குள் அரசனின் உடம்பை வைக்கும் மூடியில்லாத கல்லுப் பெட்டி. உண்மையான பிரமிட்டில் அந்தப் பெட்டி பாதையைவிட அகலமாம். அதனால் அதை முதலிலேயே வைத்துவிட்டுத்தான் சுற்றிவரக் கல்லை அடுக்கியிருப்பார்கள் என்றார் அப்பா. பிற்காலத்தில் போய்ப் பார்த்தவர்கள் கண்டது வெறும் பெட்டியைத்தானாம்.

“அப்ப ராஜா சாகேல்லையோ?” என்று கேட்டேன்.

“இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்கை இருக்கிறது? உடம்பு கிடைக்காட்டியும் செத்தது செத்ததுதான்.”

குசினியில் அம்மா கோப்பை கழுவும் சத்தம் நின்றது. அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெறும் பெட்டிக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? எனக்கு ஒரு ராஜா தேவைப்பட்டார். சாமியறையில் மாமாவின் படம் இருந்தது. மாமா அம்மாவின் தம்பி, அம்மா விட்டு வந்த ஊரில் யுத்தம் முடிந்த நாட்களில் காணாமல்போனவர். அவருடையதென்று இருந்தது அந்த ஒரு படம்தான். பக்கத்தில் அப்பப்பாவின் படத்துக்கு மாலை உண்டு, மாமாவுக்கு இல்லை. வரப்போகிறவருக்கு எதற்கு மாலை என்பார் அம்மா. எங்கள் குடும்பத்தில் அரசகளை இருந்த ஒரே முகமும் அதுதான். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக் கல்லுப் பெட்டிக்குள் பசை பூசி ஒட்டினேன்.

மறுநாள் பின்னேரம் வேலையால் வந்த அம்மாவுக்குச் சுவரைத் திறந்து பெருமையோடு காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தார்.

“ஆர் உனக்குச் சொன்னது மாமா செத்திட்டாரெண்டு?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. இது ஸ்கூல் ப்ராஜெக்ட்தானே அம்மா.”

படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தார். கிழியத் தொடங்கியதும் விட்டுவிட்டார். மாமாவின் நெற்றியை ஒரு விரலால் தடவிக்கொண்டு கனநேரம் இருந்தார். பரிசு போய்விடுமோ என்ற பயத்தில் நான் நின்றேன். அதை நினைக்க இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“சரி, இருக்கட்டும். மூடு” என்றார்.

நான் சுவரை மூடினேன். அம்மா நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தோய்ந்தார். ஈரத்தலையோடு வந்து சாமியறைக் கதவைச் சாத்தினார். அன்றும் அடுத்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் சாமி விளக்கு ஏற்றவில்லை.

பின்னேரங்களில் தேவாரம் படிக்கத் தேவையில்லை என்று நான் துள்ளித் திரிந்தேன். போட்டியில் முதல் பரிசும் கிடைத்தது. அந்த மூன்று நாளும் எங்கள் வீடு செத்தவீடாக இருந்தது என்பதும், மாமாவை எடுத்துப் பெட்டியில் வைத்தது நான்தான் என்பதும் எனக்கு விளங்கப் பல வருடங்கள் சென்றன.