உருண்டைப் பின் கீபோர்டு

ஈரச் சந்தன வாசனை வந்தால் எல்லாருக்கும் சாமி ஞாபகம் வரும். எனக்குக் கீபோர்டு ஞாபகம் வரும்.

சிதம்பரத்தில் ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டை மூடியபோது நான் வாங்கி வந்த கம்ப்யூட்டர் அது. கம்ப்யூட்டர் என்ற ஒன்று நம் பக்கம் வந்த புதிதில் வந்த மாடல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. இத்தனை வருஷமாக நான் எழுதிய கவிதையெல்லாம் அதற்குள்தான் கிடந்தது, வேறெங்கும் இல்லை. எங்கள் கடலூர் உப்புக் காற்று முதலில் ஜன்னல் கம்பியைத் தின்றது, அப்புறம் சைக்கிளை, அப்புறம் கீபோர்டை. ஒருநாள் எந்த எழுத்தை அமுக்கினாலும் திரை சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன்.

மனைவி சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டர் இருக்கும் மூலை மகள் படிப்பதற்கு வேண்டும் என்றாள். துபாயில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் அவள் தம்பி லீவில் வந்திருந்தான். அவன் திரும்பிக் கிளம்புவதற்குள் ஓடினால் இருக்கட்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரனுக்கு. இதுதான் தீர்ப்பு.

மச்சானும் நானும் சிதம்பரம் பஸ் ஏறினோம். இப்போது வரும் கீபோர்டுக்கெல்லாம் பின் சப்பை. எனக்கு வேண்டியது பழைய உருண்டைப் பின், கட்டைவிரல் பருமன். மேலவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் பரணில் ஏறி இரண்டை எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்க்க அவரிடம் அந்தக் காலத்து மெஷின் இல்லை.

ஒன்று, மணலில் நடப்பதுபோல் சத்தமே இல்லாதது. இன்னொன்று, தகரக் கொட்டகை மேல் மழை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தர்பூசணி தட்டுவதுபோல் தட்டிப் பார்த்தேன். அக்கா தூங்க வேண்டும், சத்தமில்லாததை எடுங்கள் என்றான் மச்சான். எழுதுகிறவனுக்கு வீட்டில் யாராவது பதில் சொல்ல வேண்டாமா? மழையை எடுத்தேன். அடிப்பக்கம் முழுக்கச் சந்தனம், குங்குமம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்தது, ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து தடித்திருந்தது. கடையில் வியாபாரம் நடந்ததோ இல்லையோ, பூஜை நடந்திருக்கிறது.

வீட்டில் பின் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மெஷின் ஒருதரம் கத்திவிட்டு, கீபோர்டு இல்லை என்று எழுதிக் காட்டியது. கீபோர்டு அதன் முன்னாலேயே இருந்தது.

மச்சான் கழற்றி மாட்டினான், ஊதினான், மறுபடி மாட்டினான். அன்று சாயங்காலம் அவன் கிளம்ப வேண்டும். பெட்டி கட்டியாகிவிட்டது. மனைவி இரும்புக்காரனுக்குப் போன் போட்டு, காலையில் வண்டியோடு வரச் சொன்னாள். பிறகு ஈரத் துணியோடு வந்து கீபோர்டைக் கவிழ்த்தாள்.

"பொட்டு வச்ச பொருள அப்படியே இரும்புக்குப் போடக் கூடாது."

அழுத்தித் தேய்த்தாள். வீடெல்லாம் சந்தனம் மணந்தது. குங்குமம் போய், சந்தனம் போய், அதற்கடியில் அரிசி அளவில் ஒரு சுவிட்ச் தெரிந்தது.

மச்சான் குனிந்து பார்த்தான். இந்தக் கீபோர்டு இரண்டு தலைமுறை மெஷினுக்கும் ஆகுமாம். பின் ஒன்றுதான், ஆனால் இரண்டுக்கும் பேச்சு வேறயாம், எந்த மெஷின் என்று சொல்லத்தான் அந்தச் சுவிட்சாம். நகத்தால் தள்ளிவிட்டான். அணைத்துப் போட்டோம். பச்சை எழுத்து வந்தது.

மனைவி மறுபடி போன் போட்டு, இரும்புக்காரனிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் வர வேண்டாம் என்றாள். என்னிடம் அந்தக் குரலில் அவள் பேசியதில்லை. மகளுக்கு ஹாலில் மேசை என்று முடிவானது.

ஓடுகிறதா பார்க்கிறேன் என்று மச்சான் ஒரு கவிதையைத் திறந்து, தடதடவென்று கடைசிவரை போனான். இன்னொன்றையும் திறந்தான். ஆட்டோ வந்துவிட்டது.

பெட்டியை ஏற்றி, உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினான்.

"ரெண்டு பாட்டு படிச்சேன் மாமா. எனக்கு ஒண்ணும் புரியல. இருந்தாலும் அதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்குங்க."