மலிவு புராசஸருக்குப் பன்னிரண்டு நாள் சோதனை

சிவகாசியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். உதிரி பாகங்களை வாங்கி, பொருத்தி, ஓட வைத்துக் கொடுப்பது என் வேலை. விருதுநகரிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன், சாயங்காலம் திரும்புவேன். கடைக்குள் புதிதாக நுழைகிறவர்கள் என்னைப் பில் போடுகிறவள் என்றுதான் நினைப்பார்கள். "மெக்கானிக் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்பார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பொருத்திக் கொடுத்த மிஷின் ஒன்று இரண்டாம் நாளே நின்றுபோனது. வாங்கியவர் ஓர் அச்சகத்து மேனேஜர். கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து, "பொம்பளை கையில குடுத்தா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தால், அவர்கள் இடத்தில் கரண்டு ஏறி இறங்கியதில் மிஷினின் பவர் சப்ளை புகைந்திருந்தது. அதைச் சொல்லப் போனால் கேட்க அவர் இல்லை. அன்றிலிருந்து எந்த மிஷினையும் முழுசாகச் சோதிக்காமல் நான் வெளியே விட்டதில்லை. ஒரு நாளில் முடிகிற வேலைக்கு மூன்று நாள் எடுப்பேன். ஆட்கள் காத்திருந்தார்கள், மெச்சவும் மெச்சினார்கள். அந்த மெச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஓர் அம்மாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். விஸ்வநத்தம் பக்கம். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். விரல் நகங்களில் வெள்ளி நிறப் பொடி ஒட்டியிருந்தது. பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம். அந்த அம்மா இருபது வருடமாக பயர் ஆபீஸுக்குப் போகிறவர். மகள் மூன்று வருடம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, வேறு வேலை அமையாமல், ஒன்றரை வருடமாக அம்மாவுடன் திரி செருகப் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, எம் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்" என்றார் அந்த அம்மா, முதலாளியைப் பார்த்து. அண்ணாச்சி என்னைக் கை காட்டினார்.

ஓர் ஆப்செட் அச்சகத்தில் அந்தப் பெண்ணை டிசைன் வேலைக்குப் பேசியிருந்தார்கள். அங்கே உட்கார இடமில்லை; சொந்தமாக மிஷின் இருந்தால் லேபிள் வேலை, காலண்டர் வேலையெல்லாம் வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சொல்லியிருந்தார்கள்.

"மிஷின் வந்த மறுநாள்ல இருந்து இவ பயர் ஆபீஸுக்கு வர மாட்டா. போர்மேன்ட்ட சொல்லிட்டேன்" என்றார் அந்த அம்மா. அதைச் சொல்லும்போது மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் கையில் இருந்ததற்கு, இருப்பதிலேயே விலை குறைந்த புராசஸர்தான் வாங்க முடியும். அதில் புதுசு ஒன்று அந்த வாரம்தான் கடைக்கு வந்திருந்தது. படம் காட்டும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பதால், தனியாகக் கார்டு வாங்கும் செலவு மிச்சம். "அதப் போட்டுக் குடுத்து விடும்மா" என்றார் அண்ணாச்சி.

"இத நான் இன்னும் ஓட்டிப் பாக்கல. ஒரு வாரம் டைம் குடுங்கக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தார். "நல்லாப் பாத்தே குடுங்க தங்கச்சி. ரெண்டாந்தடவ வாங்க எங்களால ஏலாது" என்றார். பிறகு மகளிடம், "அந்தப் பென்டிரைவ சித்திட்ட குடு" என்றார். அப்படித்தான் நான் அவளுக்குச் சித்தி ஆனேன்.

பென்டிரைவில் மூன்று ஃபைல்கள் இருந்தன, அச்சகத்தில் மாதிரிக்குக் கொடுத்தவை. அதில் ஒன்று மயில் படம் போட்ட பட்டாசுப் பெட்டி லேபிள். தோகையின் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக வரைந்து அடுக்கியது. நல்ல மிஷினே அதைத் திறக்கக் கொஞ்சம் திணறும். திங்கட்கிழமை காலை எல்லாவற்றையும் பொருத்தி, அந்த மயிலைத் திறந்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் திறந்தது. நிறம் மாற்றினேன், தோகையைப் பெரிதாக்கினேன், சேமித்தேன். பெரிய புராசஸர் அளவுக்கு வராதுதான். ஆனால் அந்த விலைக்கு நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. சாயங்காலம் என் நோட்டில் "இந்த வேலைக்குப் போதும்" என்று எழுதினேன். அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அன்றைக்கே கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.

கடையில் ஏசி ஓடுகிறது, அவர்கள் வீட்டுக்கு மேலே சிமெண்டு ஷீட்டுதானே என்ற யோசனை வந்தது. மறுநாள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் இருக்கும் ஷீட்டுப் போட்ட சாமான் அறையில் வைத்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த அறைக்குள் நிற்க முடியாது. மயில் ஃபைலைத் திரும்பத் திரும்பத் திறக்க வைத்து, சூடு காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியது, தொண்ணூறைத் தொட்டது. புராசஸர் அதிகம் சூடானால், கருகிப் போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பன்னிரண்டு எண்ணுவதற்குள் திறந்த ஃபைல், முப்பது எண்ணியும் திறக்கவில்லை.

அது பழுதில்லை. மத்தியான வெயிலில் மட்டும் வேலை கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். பெட்டியோடு வந்த சின்ன ஃபேனுக்குப் பதில் பெரிய ஃபேன் வைத்தால் சரியாகிவிடும். அதைப் பிறகு ஒரு நாள் அவர்கள் வீட்டுக்கே போய் மாட்டியிருக்கலாம். இதெல்லாம் அப்போதும் எனக்குத் தெரியும். ஆனால் என் கையிலிருந்து போகிற மிஷின் மெதுவாகிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. மதுரையில் சொல்லிப் பெரிய ஃபேன் வரவழைத்தேன். நாலு நாள் கழித்து வந்தது. அதன் கொக்கி இந்த போர்டுக்குப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பி வேறு கேட்டேன்.

அந்தப் பெண் இரண்டு தடவை போன் செய்தாள்.

"சித்தி, ஆயிருச்சா?"

"சூடு ஏறுதும்மா. மத்தியானத்துல ஸ்லோவாகுது. ஃபேன் மாத்தணும்."

"மத்தியானம் மட்டும் தான சித்தி? நான் வெள்ளன எந்திருச்சு காலைலயே செஞ்சுக்கிடுவேன்."

"அப்படியெல்லாம் குடுக்கக் கூடாது. ரெண்டு நாள் பொறு."

"சரி சித்தி" என்றாள். குரலில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. நான் அதற்குப் பிறகும் சூட்டைப் பற்றியும் ஃபேனைப் பற்றியும் நாலு வார்த்தை பெருமையாகப் பேசினேன். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் புதன்கிழமை. காலையில் சரியான ஃபேன் வந்தது. மாட்டினேன். சூடு எழுபதுக்கு மேல் ஏறவில்லை. மத்தியானத்துக்கு முன்பே அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பயர் ஆபீஸுக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் பார்ப்பாள் என்று வைத்துவிட்டேன்.

மூன்று மணி வாக்கில் அந்தச் சத்தம் கேட்டது. கடைக் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை; எல்லோரும் தெருவுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள், புகை எந்தத் திசையில் என்று. அண்ணாச்சி நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "விஸ்வநத்தம் பக்கந்தான்" என்றார். நான் கடைக்குள் ஓடி மறுபடி போன் போட்டேன். மணி அடித்தது. ஏதோ ஒரு வாசலில், ஒரு பெட்டிக்குள், மற்ற போன்களோடு அது அடித்துக்கொண்டிருந்திருக்கும்.

அவள் இருந்த அறைக்குப் பக்கத்து அறையில்தான் பட்டாசு மருந்து தீப்பிடித்திருந்தது. அம்மா தள்ளி வேறு ஷெட்டில் இருந்தார். ஓடிவந்து, விழுந்த ஷீட்டுகளை விலக்கி, மகளை அவரே இழுத்து எடுத்திருக்கிறார். மகளோடு அதே அறையில் இருந்த மற்ற இரண்டு பெண்கள் பிழைக்கவில்லை. இவளை முதலில் சிவகாசி ஆஸ்பத்திரிக்கும் அங்கிருந்து மதுரைக்கும் கொண்டு போனார்கள்.

என் மேசையில் அந்த மிஷின் இருந்தது. அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். ஒரு வாரம் கழித்து அண்ணாச்சி, "வேற யாருக்காவது தள்ளி விட்டுருவோமா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

மதுரைக்குப் போக எனக்கு ஒன்பது நாள் ஆனது. போகாமல் இருப்பதற்குத் தினமும் ஒரு காரணம் கிடைத்தது. போன அன்று அந்த அம்மா வார்டுக்கு வெளியே தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளங்கைகளிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை.

"முகத்துல ஒரு பக்கம். வலது கை ரொம்ப" என்றார். "விரல் ஒட்டிக்கிருச்சாம். பிரிக்கணும்னு சொல்றாக."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே கேட்டார்: "அந்தக் கம்ப்யூட்டர் ரெடியாயிருச்சா?"

"ரெடிக்கா."

"யாருக்கும் குடுத்துறாத."

அதைக் கேட்டதும் என்னால் உள்ளே வைத்துக்கொள்ள முடியவில்லை. "அக்கா, அது மாட்டுன திங்கக்கெளமையே நல்லா ஓடுச்சு. அன்னைக்கே குடுத்திருக்கலாம். நாந்தான் வச்சிருந்தேன்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் ஒன்று போனது. அது போய் முடிந்த பிறகு சொன்னார்: "பிள்ள தெனமும் கேட்டா. சித்திட்ட சீக்கிரம் தரச் சொல்லுன்னா. நாந்தான், அவுகள அவசரப்படுத்தாத, நல்லாப் பாத்துத் தரட்டும்னேன்." பிறகு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உன் மேல் தப்பில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று நான் எதிர்பார்த்துத்தான் பேசினேனோ என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

ஆவணி பிறந்து, அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விஸ்வநத்தம் போனேன். அவள் தலையில் மெல்லிய துணி போட்டு ஒரு பக்கத்தை மறைத்திருந்தாள். "வாங்க சித்தி" என்றாள். புகை உள்ளே போனதில் குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது.

மேசையைச் சன்னலோரமாகப் போட்டு மாட்டிக் கொடுத்தேன். மவுஸை இடது பக்கம் வைத்து, அதன் பட்டன்களை இடது கைக்கு ஏற்ற மாதிரி மாற்றினேன். ஒற்றைக் கையால் இரண்டு மூன்று விசைகளை ஒன்றாக அழுத்த முடியாது என்பதால், ஒன்றன் பின் ஒன்றாக அழுத்தினால் போதும் என்று அமைத்தேன். பேசினால் எழுத்தாக மாற்றும் வசதியும் இருந்தது. அந்தச் சின்னப் புராசஸர் அதைத் தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். மைக்கில் நான் நாலு வரி பேசிப் பார்த்தேன். ஒரு எழுத்து பிசகாமல் தமிழில் விழுந்தது. சந்தோஷத்தில், "நீ பேசும்மா" என்று மைக்கை அவளிடம் நீட்டினேன்.

அவள் தன் பெயரைச் சொன்னாள். திரையில் ஒன்றும் வரவில்லை. ஊர்ப் பெயரைச் சொன்னாள். சம்பந்தமில்லாத ஏதோ ஒரு சொல் வந்தது. மூன்றாம் தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லப் போய் இருமல் வந்துவிட்டது. நான் மைக்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். "இது சரிப்படாது. வேற வழி பாப்போம்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்ததில் திரை தானாக அணைந்து கறுப்பானது. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் அப்போது வேறு கண்ணாடி எதுவும் இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். அம்மா எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார்.

"சித்தி, இது அணையாம இருக்க வைக்க முடியுமா?"

"முடியும்" என்றேன். அரை நிமிட வேலை. செய்து கொடுத்தேன். நிறுத்தும்போது முதலில் திரையைத் துணி போட்டு மூடிவிட்டு, அப்புறம் சுவிட்சை நிறுத்து என்று அம்மா சொல்லிக் கொடுத்தார்.

அச்சகத்தில் சொன்னபடி வேலை கொடுத்தார்கள். ஒரு கையால் ஒரு லேபிள் முடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆனது. சீசன் நெருங்க நெருங்க ஆர்டர்கள் அன்றைக்கன்றைக்கு வேண்டியிருந்தன. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கூப்பிட்டு, தீபாவளி கழியட்டும் என்றார்கள். தீபாவளி கழிந்தது, கூப்பிடவில்லை. இப்போது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஒரு கடைக்குப் பிழை திருத்தித் தருகிறாள். மாதத்தில் பத்து நாள் வேலை இருக்கும். அம்மா இப்போது வேறொரு பயர் ஆபீஸுக்குப் போகிறார். போகாமல் முடியாது.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்க்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்லிக் கொடுப்பேன், அவளுக்குத் தெரியாதது குறைவுதான். மாசி மாதம் ஒரு ஞாயிறு, அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது, அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி அவளிடமும் சொல்லத் தொடங்கினேன். அவள் முடிக்க விடவில்லை.

"அம்மா சொன்னாக" என்றாள். திரையைப் பார்த்தபடியே இருந்தாள். "எனக்குக் கோவம் வந்துச்சு சித்தி. ஆஸ்பத்திரில ரொம்ப நாள் உங்க மேலதான் கோவம். இப்பவும் சில நாள் வரும்."

"வரட்டும்மா."

"அந்த நாள்ல நீங்க வந்து உக்காந்திருந்தா எனக்கு ஒரு மாதிரி இருக்கு. நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன். அன்னைக்கு வராதீக."

சரி என்றேன். அவள் செய்துகொண்டிருந்த பத்திரிகையில் மணமகளின் ஊர்ப் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப் போயிருந்தது. அதைச் சரி செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் போன் வரும். "இன்னைக்கு வேண்டாம் சித்தி" என்பாள், அவ்வளவுதான். நான் போவதில்லை.