கண் இல்லாத படங்கள்

வெங்கடகிருஷ்ணன் என்ற பெயரை லலிதாம்பாள் முதலில் கேட்டது கல்லிடைக்குறிச்சியில், அவளுக்கு வரன் பேசும்போது. தரகர் அப்பாவிடம் சொன்னார்: "பையன் திருவனந்தபுரத்துல சர்க்கார் குமாஸ்தா. பொடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. சித்தே பொழுது ஒழிஞ்சா படம் எழுதுவான், அவ்வளவுதான்."

கல்யாணமாகித் திருவனந்தபுரம் கரமனைக்கு வந்தபின் அவளே பார்த்தாள். காப்பிக்கு வெந்நீர் கொதிக்கிற நேரம், மழை விடக் காத்திருக்கிற நேரம், எல்லாம் அவருக்குப் படம் எழுதத்தான். சர்க்கார் கச்சேரியில் கழித்துப்போட்ட காகிதம், மைக்கூடு, சாலைக்கடை பஜாரில் வாங்கிய கலர்ப்பெட்டி. மையால் கோடு இழுத்து, மேலே தண்ணீர்ச் சாயம் தடவுவார். ஆற்றில் துவைக்கிறவர், வாழைக்குலை சுமக்கிறவர் எல்லாரும் காகிதத்தில் வந்தார்கள். மனுஷ முகத்துக்கு மட்டும் கண் இராது. மாமனார் போட்டோ பிடித்துக்கொண்ட மாசமே போய்விட்டாராம். அன்றிலிருந்து, உயிரோடிருப்பவருக்குக் கண் எழுதினால் ஆயுசு குறையும் என்பது மாமியார் போட்ட சட்டம்.

பால்காரி ஓமனா தன் படத்தைப் பார்த்துவிட்டு, "எந்தா சாமி, எனிக்குக் கண்ணில்லே?" என்றாள்.

"பால்ல தண்ணி விடறச்சே மட்டும் நன்னாத் தெரியறதே!" என்றாள் மாமியார் உள்ளேயிருந்து.

ஒரு சனிக்கிழமை, எண்ணெய் ஊற உட்கார்ந்திருந்த தம்பி பிச்சுமணியை, அவனுடைய மடங்கின காதோடு எழுதினார். அன்றே அண்ணன் தம்பிக்குள் ஏதோ வாய்த்தகராறு. தலைமுழுகின ஈரத்தோடு கிளம்பினவன் வரவேயில்லை. பொன்முடிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாக யாரோ சொன்னதோடு சரி.

கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்கு மறுவருஷம் மாமியார் உடம்பில் நீர்கோத்துப் படுத்தாள். பிழைக்க வழியில்லை என்று வைத்தியர் கைவிரித்தார். பிச்சுமணியின் படத்தை மார்மேல் வைத்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றுதான்.

"கண்ணை எழுதுடா. குழந்தை மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறேன்."

"அவன் உசிரோட இருக்கான்மா. நீதானே சொன்னே?"

"நான் சொன்னதை நானே வேண்டாங்கறேன்."

"ஏன்னா, ரெண்டு பொட்டு மைதானே?" என்று லலிதாம்பாள் கெஞ்சினாள்.

"அவனுக்கு ஏதாவது ஆனா நீ பதில் சொல்லுவியா?"

தூரிகையை மையில் தோய்த்துப் பக்கத்தில் கொண்டுபோனார். மை காய்ந்தது. மாமியார் கண்ணில்லாத முகத்தையே பார்த்தபடி போய்ச் சேர்ந்தாள்.

காரியங்கள் முடிந்ததும், தம்பியிடம் தாயார் போனதைச் சொல்ல அந்தப் படத்தோடு பொன்முடி அடிவாரத்து விதுரைக்கு வண்டி பிடித்தார். கடை கடையாகக் காட்டினால், "கண்ணே இல்லாம ஆளை எப்படிச் சொல்ல?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். தோட்டங்களுக்கு அரிசி அனுப்பும் குற்றாலலிங்கம் பிள்ளைதான் மடங்கின காதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"நம்ம கணக்கெழுதுற சாமியில்லா இது! மலைக்காய்ச்சல்ல போயிட்டாரே. போன மழைக்கே கல்லாத்துப் பக்கம் வச்சு எரிச்சாச்சு. சொந்தக்காரங்க ஆருன்னு ஒருத்தருக்கும் தெரியல."

தாயார் கேட்டபோதே தம்பி இல்லை.

வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, படத்துக்குக் கண் எழுத உட்கார்ந்தார். இத்தனை காலம் ஒரு கண் எழுதிப் பழகாத கை. அகலமாக, கோவில் வாகனத்துக் கண் போல வந்து நின்றது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி எழுதினார், காகிதம் கிழிந்தது.

"அவன் கண் எப்படி இருக்கும், சொல்லேன்" என்றார்.

மைத்துனன் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் லலிதாம்பாளுக்கு இல்லை.

பென்ஷன் வாங்கியபின் கரமனை வீட்டை விட்டாயிற்று. இப்போது அவர் லலிதாம்பாளோடு அம்பாசமுத்திரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். சித்தே ஒழிந்தால் படம் எழுதுகிறார்; மனுஷ முகத்துக்குக் கண் மட்டும் இன்றும் இராது.