சாலையிலிருந்து எண்ணிய வரிசை

நான் வேலை பார்த்த நகராட்சியின் பெயர் வேண்டாம். ராயபுரத்துக்கு வடக்கே, எண்ணூருக்குத் தெற்கே என்று சொன்னால் போதும். கிழக்கே கடல், மேற்கே ரயில் பாதை, நடுவில் ஒரு சாலை. ஊர் புடலங்காய் மாதிரி நீளமாகக் கிடந்தது. தண்டவாளத்தைத் தாண்டினால் கால்வாய், உப்பங்கழி, அதற்கும் அப்பால் மணலியில் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த புகைபோக்கிகள். அறுபதுகளின் கடைசியில் நான் அங்கே வரைபடம் போடுகிறவனாகச் சேர்ந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனால் கர்வம் நிரந்தரமாகிவிட்டிருந்தது.

ஊரின் சரித்திரத்தை என்னைக் கேட்டால் நாலு வரியில் முடித்துவிடுவேன். முதலில் மீன்பிடிக்கிறவர்கள் இருந்தார்கள். பிறகு கோயிலும் உப்பளமும் வந்தன. அப்புறம் தொழிற்சாலைகள். கடைசியாகக் கடல் வந்தது. கடல் முன்பே இருந்ததே என்பீர்கள். இருந்தது, தள்ளி இருந்தது. தெற்கேயிருந்து வடக்கே நகர்ந்து வருகிற மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டது. மெரினாவில் மணல் சேர்ந்துகொண்டே போனது, எங்கள் கரை தேய்ந்துகொண்டே வந்தது. பட்டணத்து ஜனங்கள் அங்கே சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்கினார்கள். எனக்கு அந்தச் சுண்டலின் மேல் இன்றும் ஒரு கோபம் உண்டு.

ஒரு கோடையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த குப்பத்தில் நாலு வரிசை வீடுகள். அவற்றில் கடலை ஒட்டிய வரிசைக்கு முதலில், மழைக்கு முன்பாகவே, தண்டவாளத்துக்கு மேற்கே மனை கொடுக்க வேண்டும். யார் எந்த வரிசை என்று பட்டியல் எடுப்பது என் வேலை. என் வரைபடத்தில் சாலையோர வரிசைக்கு ஒன்று என்றும், கடலோர வரிசைக்கு நாலு என்றும் எண் போட்டிருந்தேன். அலுவலகத்தில் எல்லாமே சாலையிலிருந்துதான் தொடங்கும். குழாய், விளக்குக் கம்பம், சாக்கடை, எதுவானாலும் அப்படித்தான். வேறு மாதிரி எண்ணலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கத்திரி வெயில். சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, குப்பத்து ஆட்களை ஒவ்வொருவராக வரச்சொல்லிப் பெயரும் வரிசையும் எழுதிக்கொண்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மீன் கூடையோடு வந்து நின்றாள். ராயபுரத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், கழுத்தில் சிலுவை. புருஷன் கட்டுமரத்தில் போகிறவர், மூன்று பிள்ளைகள்.

"எத்தனையாவது வரிசை?"

"மொத வரிசை நைனா. வந்து ஒருவாட்டி பாத்துட்டு எழுதிக்கினு போயேன். அல வந்தா எங்க வூட்டு செவுத்துலதான் மோதுது."

"மணல் சுடுதும்மா. நீ சொல்றதை எழுதினா போதாதா?"

"அதுவும் செரிதான். உன் காலு பூப்போல கீது" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ரோஷத்தோடு 'ஒன்று' என்று எழுதினேன். அலை மோதுகிற வீடு எப்படிச் சாலையோரம் இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசித்ததெல்லாம் அவள் கிண்டலைத்தான்.

பட்டியல் கையெழுத்தாகி ஆடியில் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அடுத்த நாளே அவள் வந்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"இன்னா நைனா, என் பேரு இல்லியாமே. டீக்கடைக்காரர் பேரு கீதாம். அவரு வூட்டாண்ட தண்ணியே வராதே."

ஏட்டைப் புரட்டிப் பார்த்தேன். டீக்கடைக்காரர், வரிசை நாலு. அவர் சொன்னபடியேதான் எழுதியிருந்தேன். அவர் கடையிலேயே உட்கார்ந்துகொண்டு எழுதியிருந்தேன். என் காது சூடாகிவிட்டது.

"நீங்கள்லாம் வரிசையை எங்கேயிருந்து எண்ணுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இது இன்னா கேள்வி? கடலாண்டருந்துதான். கட்டுமரத்த ஏத்தறது அங்க, அதான் மொத வரிசை. ரோடு நேத்து வந்துது."

குப்பம் முழுக்க அப்படித்தான் எண்ணியிருக்கிறது. பட்டியல் முழுக்கத் தலைகீழ். தலைமை எழுத்தரிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஆணையர் கையெழுத்துப் போட்டதைக் கிளறாதே. அடுத்த பட்டியல்ல போட்டுக்கலாம். உன்னை நிரந்தரமாக்கற ஃபைல் அதே மேஜையிலதான் இருக்கு, தெரியுமில்ல?" என்றார். தெரியும். ஆணையரின் அறை பத்தடி தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. டீக்கடைக்காரரைக் கேட்டதற்கு, "கவர்மெண்ட்டு குட்த்தா வேணாம்னு சொல்வாங்களா சார்?" என்றார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அவளிடம், "அடுத்த லிஸ்ட்ல கண்டிப்பா வரும்மா" என்றேன்.

"மழைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பேனாவுக்கு மை போட்டேன். மை ஏற்கெனவே நிறைய இருந்தது.

ஐப்பசியில் என் வேலை நிரந்தரமானது. கார்த்திகையில், ஒரு பட்டப்பகலில், கடலோர வரிசை போய்விட்டது. யாரும் சாகவில்லை. பாத்திரம் பண்டங்களை எடுத்துக்கொள்ள நேரம் இருந்தது என்று சொன்னார்கள். அதை ஓர் ஆறுதலாக அலுவலகத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மூன்றாம் நாள், விழுந்த வீடுகளைக் கணக்கெடுக்க என்னையே அனுப்பினார்கள். நிற்கிற வீட்டுக்குத்தான் மனை என்பது விதி. விழுந்த வீட்டுக்குப் பாயும் அரிசியும். அந்த விதியை நான் அன்று காலையில்தான் முழுசாகப் படித்திருந்தேன்.

அவள் டீக்கடைக்குப் பக்கத்தில், மேற்கே மனைக்குப் போய்விட்ட டீக்கடைக்காரரின் காலி வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். அவரே திறந்துவிட்டிருக்கிறார். சுவரோரம் மாதா படமும் இரண்டு அண்டாக்களும் இருந்தன. நான் எதிரே நின்று ஏட்டைத் திறந்தேன். அவளை ஏறிட்டுப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"உங்க வீடு எந்த இடம்னு சொல்லுங்கம்மா, எழுதிக்கறேன்" என்றேன். அன்றைக்குத்தான் அவளிடம் முதல் முறையாக மரியாதையாகப் பேசினேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவுமில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வா நைனா, காட்றேன். இன்னிக்கி மணலு சுடாது."